கவிழ்ந்த கலமும் மூழ்கும் கப்பலும்

இன்றைய தமிழ் உரைநடையில், வீழ்ச்சியுறும் முயற்சி ஒன்றைக் குறிக்க 'மூழ்கும் கப்பல்' என்னும் உருவகம் பெருவழக்காய் வழங்குகின்றது. நட்டமுறும் வாணிகமும், ஆதரவிழக்கும் கட்சியும், மாணாக்கர் குறைந்துவரும் பள்ளியும், படிப்பாரற்ற இதழும் ஒன்றுபோல் மூழ்கும் கப்பல்களாகவே எழுத்தாளர்க்குத் தோன்றுகின்றன. எழுதுவோர் இதனை ஆய்ந்து எடுப்பதில்லை. கைக்கு எட்டிய சொல்லாதலின் எடுக்கின்றனர். படிப்போரும் இதனைக் கடலோடு சேர்த்துக் காண்பதில்லை. எனினும், வழக்கு மிகுதி ஒன்றே ஓர் உருவகத்தின் தகுதிக்குச் சான்றாகாது. இது தமிழிற்கு எவ்வழி வந்தது, கலத்தைப் பற்றித் தமிழர் முன்னரே கொண்டிருந்த உவமைகளோடு எத்துணைப் பொருந்துகின்றது, பொருந்தாவிடத்து நாம் இழப்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு இராமேசுவரத்தைச் சூழ்ந்த சேதுக்கரையை நிலைக்களனாகக் கொள்கின்றோம். உள்நாட்டு நகரங்களில் கப்பல் என்பது பெரும்பாலும் படத்திற் கண்ட பொருள். அங்கே அது மூழ்கினும் மிதப்பினும் சொல்லளவே. பாம்பன் கால்வாயின் இருமருங்கும் வாழ்வார்க்கோ கலமும் அதன் கேடும் அன்றாடச் செய்தி. 1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் அழிந்த தனுக்கோடித் துறை இக்கரையின் ஒரு முனையில் உள்ளது. நூறாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டும் முற்றுப்பெறாத சேதுக் கால்வாய்த் திட்டம் இக்கடலைப் பற்றியது. தூத்துக்குடியில் தோன்றிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் தலைவராய் அமர்ந்தவரும் இராமநாதபுரத்து அரச குடியைச் சார்ந்த பாண்டித்துரைத் தேவரே. கலமும் முயற்சியும் உவமையளவில் நில்லாது உண்மையாகவே பிணைந்து கிடக்கும் இக்கரையில், அவ்வுருவகத்தை உரைத்துப் பார்ப்பது முறையாகும்.

உவமை தோன்றும் வகைகளாகத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கினைக் கூறுவர். ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுங்கால் அவற்றின் தொழிலோ, விளைவோ, வடிவோ, நிறமோ ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. வீழும் முயற்சியை மூழ்கும் கப்பல் என்னும்போது மெய்யும் உருவும் கருதப்படவில்லை என்பது வெளிப்படை. எஞ்சியவை வினையும் பயனும். அவற்றுள்ளும் எழுதுவோர் கருத்திலிருப்பது பயன் ஒன்றே. அஃதாவது, பொருளும் ஆளும் அழிதல். கப்பல் எதனால் மூழ்கிற்று, அடிப்பலகையில் ஓட்டையா, அளவிறந்த பாரமா, பாறையா, புயலா, மீகாமன் பிழையா, அல்லது வேண்டுமென்றே ஒருவர் துளையிட்டனரா என்னும் வினை பற்றிய வினாக்கள் எழுவதேயில்லை. வினையை விட்டுப் பயனை மட்டும் பற்றும் உவமை பொருளை விளக்குவதன்று. ஏறக்குறைய ஒரு சாபத்தின் தொழிலையே அது செய்கின்றது.

அணியிலக்கண நோக்கிலும் இதன் குறை புலப்படும். தொடர்புடைய பொருள்கள் பலவற்றுள் ஒன்றனை உருவகஞ்செய்து ஏனையவற்றை வாளா விடுதலை ஏகதேச உருவகம் என்பர். 'இந்நிறுவனம் மூழ்கும் கப்பல்' என்று எழுதுவோர் நிறுவனத்தைக் கப்பலாக்குகின்றனர். ஆயின் அதன் தலைவரை மீகாமன் ஆக்குவதில்லை. கடனைச் சரக்கு ஆக்குவதில்லை. போட்டியாளரைப் பாறையோ புயலோ ஆக்குவதில்லை. செய்யுளில் ஏகதேசம் ஒருகால் அழகு தரும். வழக்குரை போன்ற செய்தி எழுத்திலோ, உருவகம் செய்யப்படாது விடப்பட்டவர் எல்லாரும் பழியினின்று தப்பிவிடுகின்றனர்.

இவ்வுருவகம் ஐரோப்பிய மொழிகளின் வழியே, சிறப்பாக ஆங்கிலச் செய்தித்தாள்களின் வழியே, நமக்கு வந்தது என்பதில் ஐயமில்லை. அங்கே அஃது எலிகளோடு சேர்ந்து வரும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேக்கன் தன்னலத்தாரின் அறிவைப் பற்றி எழுதிய கட்டுரையில், விழப்போகும் வீட்டை முன்னரே அறிந்து நீங்கும் எலிகளைக் குறிப்பிடுகின்றார். அங்கே கப்பல் இல்லை, வீடே உள்ளது. அதே காலத்தில் சேக்சுபியர் தம் 'புயல்' நாடகத்தில், எலிகளும் கைவிட்டுச் சென்ற பழம்படகு ஒன்றைக் காட்டுகின்றார். வீட்டெலியும் படகெலியும் பின்னர் ஒன்றாகி, மூழ்கும் கப்பலை விட்டு ஓடும் எலிகள் என்னும் பழமொழி உருப்பெற்றது போலும். எவ்வாறாயினும், அதன் உயிர்நிலை கப்பலில் இல்லை, ஓடுவோரிடத்தில் உள்ளது. யார் முதலில் குதிப்பர், யார் எஞ்சுவர் என்பதே அவ்வுருவகம் எழுப்பும் வினா. தமிழில் அரசியல் எழுத்தாளர் இதனை மிகுதியாக எடுத்தாளுதற்குக் காரணமும் இதுவே எனலாம்.

பிறமொழியிலிருந்து வந்தது என்பது கொண்டே ஓர் உருவகத்தைத் தள்ளுதல் நம் கருத்தன்று. கடல் கடந்த வாணிகத்தில் சொற்களும் ஏறி இறங்குவது இயல்பு. கப்பல் என்னும் சொல்லே மலாய் மொழியிலும் வழங்குகின்றது. வந்த விருந்து, வீட்டில் முன்னரே இருந்தாரை வெளியேற்றிவிட்டதா என்பதே நம் வினா.

முன்னரே இருந்தவை யாவை? சங்கச் செய்யுள்களில் கலத்தின் கேடு குறிக்க வரும் வினை பெரும்பாலும் கவிழ்தல். சிதைதல், உடைதல் என்பனவும் உண்டு. நற்றிணையின் 30ஆம் பாட்டில் அமைந்த உவமை பெரிதும் கருதத்தக்கது. தலைவனைத் தெருவில் பரத்தையர் பலர் சூழ்ந்து பற்றியிழுத்த காட்சியைத் தோழி அவனிடமே கூறுகின்றாள். பெருங்காற்றில் மரக்கலம் கவிழ, கடலில் வீழ்ந்தோர் பலரும் ஒரே பலகையைப் பற்றிக்கொள்ளும் நிலையை அவள் உவமையாக்குகின்றாள். நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றும் இடம் அது. அப்பலகையின் பாடு என்ன ஆயிற்று என்று எண்ணாதிருத்தல் அரிது. ஆங்கிலப் பழமொழியில் கலத்தை விட்டு ஓடுவோர் முன்னிற்கின்றனர். நற்றிணையில் கலத்தின் எச்சத்தைப் பற்றிநிற்போர் முன்னிற்கின்றனர். ஒரு மொழியின் கண் எங்கே சென்று தங்குகின்றது என்பதற்கு இவ்வேறுபாடு நல்ல சான்று.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை எல்லாரும் அறிந்தது. கைப்பொருளைக் கணிகையிடம் இழந்த அவன் வங்க வாணிகரோடு பொருள் தேடிச் செல்கின்றான், கலம் சிதைகின்றது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றி நாகர் வாழ் மலைத்தீவை அடைகின்றான். தப்பி ஊர் திரும்பியோர், அவனும் இறந்தான் என்றே ஆதிரையிடம் கூறிவிடுகின்றனர்; அவளும் தீப்புகத் துணிகின்றாள். கலம் கவிழ்ந்தமை உண்மை. அவன் இறந்தான் என்பது பொய். அம்மட்டன்று, முன்னர்க் கவிழ்ந்த கலங்களிலிருந்து நாகர் சேர்த்துவைத்திருந்த பொருளே பின்னர் அவன் கைக்கு வருகின்றது. பிறருடைய முறிந்த முயற்சிகளின் எச்சத்தைக் கொண்டு ஒருவன் ஊர் திரும்புகின்றான் என்பதைச் சாத்தனார் யாதொரு விளக்கமுமின்றிச் சொல்லிச் செல்கின்றார். உரை வகுத்தோர் இவ்விடத்தில் இன்னும் சற்றுத் தங்கியிருக்கலாம்.

நம் பொருளுக்கு இன்னும் அணுக்கமானது சீவகசிந்தாமணியில் வரும் சீதத்தன் செய்தி. கடல்கடந்து பொருளீட்டித் திரும்பும் அவ்வணிகனின் மரக்கலம் கரைக்கு அண்மையில் புயலிற் சிக்கிக் கவிழ்கின்றது. அவன் ஒரு மரத்துண்டைப் பற்றிக் கரையேறுகின்றான். ஆங்கே எதிர்ப்படும் தரன் என்னும் விஞ்சையன் அவனை வெள்ளிமலைக்கு அழைத்துச் செல்கின்றான். காந்தருவதத்தையை இராசமாபுரத்திற்கு அழைத்துச் செல்லச் சீதத்தன் வேண்டப்பட்டமையால், அவனைப் பெறுதற்கு விஞ்சையர் செய்த மாயமே அப்புயல் என்பதும், கலமும் உடன்வந்தோரும் ஊறின்றி உள்ளனர் என்பதும் பின்னர் வெளியாகின்றன. கவிழ்ந்தது என்று உரியவனே கண்ணாற் கண்ட கலம் உண்மையில் கவிழவில்லை! காப்பியப் புனைவுதான், எனினும், ஒரு முயற்சியின் கேட்டைக் கண்டவர் கூற்றையும் அப்படியே கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை இதனுள் உளது. இதற்குப் பின்னர் மீள்வோம்.

உருவகம் என்னும் அளவில் முழுமையுற்றது நாவுக்கரசரின் ஒற்றியூர்த் திருநேரிசையில் உள்ளது. மனம் தோணியாகின்றது; மதி அதனைத் தள்ளும் கோலாகின்றது; சினம் அதில் ஏற்றிய சரக்காகின்றது; மதன் என்பது அது மோதும் பாறையாகின்றது; தோணி மறிகின்றது. இங்கே எதுவும் விடுபடவில்லை. ஏற்றியது இன்னது, மோதியது இன்னது, ஊன்றிய கோல் இன்னது என்று கணக்கர் ஏடு போல எல்லாம் எழுதப்பட்டுள்ளன. தோணி மறிந்தமைக்கு விதியைக் காரணமாக்கவில்லை. தவறான சரக்கை ஏற்றியதும் பாறையுள்ள வழியிற் சென்றதும் காரணங்கள். 'மறிதல்' என்னும் வினையும் கருதத்தக்கது. மூழ்குதல் மெல்ல நிகழ்வது. மறிதல் ஒரு நொடியில் நிகழ்வது. மோதும் கணத்தில் அறிவு உதவாமற் போகும் என்பதே அப்பாட்டின் அச்சம்.

பழமொழிக்கு வருவோம். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்பது தமிழ்நாடெங்கும் வழங்குவது. கன்னத்தில் கைவைத்து அமர்வாரைப் பார்த்து, 'கப்பல் கவிழ்ந்துவிட்டதோ?' என்று வினவுதலும் உண்டு. முதலீடு முழுவதும் ஒரே கலத்தில் ஏறிச் சென்ற காலத்து வணிகர் வாழ்வில் பிறந்த சொல் இது என்பது தெளிவு. ஈண்டும் வினை கவிழ்தலே. அறிவுரை, கலத்தை விட்டு ஓடுவோர்க்கோ மீகாமனுக்கோ அன்று. கரையில் நிற்கும் உரியவனுக்கு. வீழ்ந்த முயற்சியைக் கலக்கேடாகக் கூறும் வழக்கு தமிழிலேயே இருந்தது என்பதற்கு இப்பழமொழி போதிய சான்று. அவ்வழக்கில் எலிக்கு இடமில்லை.

அங்ஙனமாயின், மூழ்குதல் என்னும் வினை பொருட்கேட்டைக் குறிக்கத் தமிழில் வழங்கியதே இல்லையோ எனின், வழங்கியது. ஆயின் அது கப்பலைப் பற்றியதன்று. அடகுவைத்த நகையைத் தவணைக்குள் மீட்காவிடின், 'நகை மூழ்கிவிட்டது' என்பர். பேச்சு வழக்கில் 'முழுகிப் போச்சு' என்பர். ஈடு வைத்தவன் கைக்கு இனி அப்பொருள் வாராது என்பது அதன் பொருள். நகை அழியவில்லை, அது மற்றொருவர் பெட்டியில் ஊறின்றி இருக்கின்றது. உரிமை ஒன்றே மூழ்கிற்று. எத்துணை நுட்பமான வழக்கு இது! (நாவுக்கரசர் தோணியைப் பாடிய ஊரின் பெயரில் உள்ள ஒற்றி என்னும் சொல்லும் அடகையே குறிக்கும், இது தற்செயலே எனினும் இன்பம் பயப்பது.) வாணிகம் ஒன்று மூழ்கியது என்று எழுதுமுன், அது கப்பலைப் போல் மூழ்கியதா, அடகு நகையைப் போல் மூழ்கியதா என்று பகுத்துப் பார்த்தல் வேண்டும்.

இப்பகுப்பு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று என்பதைச் சுதேசிக் கப்பற் கம்பெனியின் வரலாறு காட்டும். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அக்கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. முதல் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முன்னின்று நடத்தியவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. தலைவர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியவர். ஏடு தேடிய கையே கப்பலுக்கும் பொருள் தேடிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடலைத் தனதாகக் கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியோடு போட்டியிடுதலே இதன் தொழில். தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்த கப்பல்கள் போட்டியாளர் நெருக்கத்தால் நின்றுபோகவே, சொந்தக் கப்பல்கள் தேடப்பட்டன. காலியா, லாவோ என்னும் இரண்டும் 1907இல் தூத்துக்குடி வந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; பின்னர்ப் பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் கொடுத்தது என வ.உ.சி. வரலாறு எழுதினோர் கூறுவர்.

பின் நிகழ்ந்தன யாவை? 1908 மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்படுத்தப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அஃதாவது நாற்பதாண்டு, விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. அவரை இழந்த கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவரும் அவ்வாண்டு திசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். கப்பல் விலைபோயிற்று, வாங்கியவர் போட்டியாளரே என்பது வரலாற்றில் வரும் செய்தி. சிதம்பரனார் விடுதலையடைந்தது 1912ஆம் ஆண்டு திசம்பரில். அப்போது அவர் ஓட்டுதற்குக் கப்பல் இல்லை.

இக்கம்பெனி மூழ்கியது என்று எழுதுவோர் இன்றும் உளர். எது மூழ்கியது? காலியா மூழ்கவில்லை; லாவோ மூழ்கவில்லை. சீதத்தன் கலம் போல அவை நீரின்மேல் நலமாகவே நின்றன. கம்பெனி தோற்றது கடலில் அன்று; நீதிமன்றத்திலும் சிறையிலும் பங்குதாரர் கூட்டத்திலும் தோற்றது. இதற்கு உவமை தேடின் வள்ளுவரின் இடனறிதல் அதிகாரத்திற்குச் செல்லவேண்டும். தேருக்குக் கடலும் நாவாய்க்கு நிலமும் இடனல்ல என்னும் கருத்து அங்கே அமைந்துள்ளது. கடலில் வெல்லமுடியாத நாவாயை எதிரி நிலத்திற்கு இழுத்துவந்து வென்றான் என்பதே சுதேசிக் கம்பெனியின் வரலாறு. குறளுக்கு மணக்குடவர் வரைந்த உரையையும் தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையையும் பதிப்பித்த சிதம்பரனார், இவ்வுவமையை மற்றெவரினும் நன்கு உணர்ந்திருப்பார். கப்பல் போட்டியாளர் கைக்குப் போனதை நோக்கின், அடகு நகை மூழ்குதலே இதற்கு நெருங்கிய சொல்: பொருள் அழியவில்லை, உரிமை போயிற்று.

'மூழ்கும் கப்பல்' என்பது உண்மையிலேயே பொருந்தும் ஒரு வீழ்ச்சியும் அதே மாதத்தில் நிகழ்ந்தது. சுதேசிக் கம்பெனி பதிவான ஆறாம் நாள், 1906 அக்டோபர் 22ஆம் நாள், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கடையடைத்தது. இலண்டனில் இருந்த பங்காளியின் ஊக வாணிகத்தால் ஏற்பட்ட ஓட்டை வெளியே தெரியாது மறைக்கப்பட்டிருந்தது. ஓய்வூதியக்காரரும் கைம்பெண்டிரும் இட்டுவைத்த சிறு சேமிப்புகள் அதனோடு ஆழ்ந்தன. மறைந்த ஓட்டை, ஏற்றத்தகாத சரக்கு, அறிந்தும் ஓட்டிய மீகாமன் என ஒற்றியூர்ப் பாட்டின் உறுப்புகள் எல்லாம் இங்கே உள்ளன. அம்மீகாமன், சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், பெற்ற தண்டனை பதினெட்டுத் திங்கட் சிறை. ஊரார் முதலை மூழ்கடித்தவர்க்குப் பதினெட்டுத் திங்கள். மூழ்காத கப்பலை ஓட்டியவர்க்கு முதலில் நாற்பதாண்டு. இவ்விரண்டனையும் 'மூழ்கிய கம்பெனிகள்' என்னும் ஒரே தொடரில் அடக்கும் உரைநடை, தான் செய்வது இன்னது என அறியாது செய்கின்றது.

இனிச் சேதுக்கடலையே நோக்குவோம். பாக்கு நீரிணைப்பும் பாம்பனை ஒட்டிய கடலும் ஆழமற்றவை. பெருங்கப்பல்கள் இவ்வழி வாராமல் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. இக்கடலில் பெரிய கலத்திற்குள்ள இடர் மூழ்குதலைவிடத் தரை தட்டுதலே. தரை தட்டிய கலம் மூழ்குதற்கு நீர் இல்லாமையின் மூழ்காது, நகரவும் நகராது. நீர் ஏறினால் மீளலாம், பாரத்தைக் குறைத்தால் மீளலாம், காத்திருந்தாலும் மீளலாம், அலையடித்து உடைந்தும் போகலாம். வீழ்ச்சிக்கும் தேக்கத்திற்கும் இடைப்பட்ட இந்நிலையைக் குறிக்க இத்துணைப் பொருத்தமான சொல் இருந்தும் நம் செய்தி எழுத்தில் அதன் ஆட்சி குறைவு.

சேதுக் கால்வாய்த் திட்டம் இதற்கு நேரிய எடுத்துக்காட்டு. 1860இல் டெய்லர் என்னும் கடற்படை அலுவலர் முதலில் இதனை முன்மொழிந்தார். 1955இல் இராமசாமி முதலியார் தலைமையில் குழு அமைந்தது. 2005 சூலை 2ஆம் நாள் மதுரையில் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் பணியைத் தொடங்கிவைத்தார். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். ஆதம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் வழங்கும் மணற்றிட்டுத் தொடரைப் பற்றிய வழக்கில் 2007இல் உச்சநீதிமன்றம் ஆங்கே தோண்டுதலைத் தடுத்தது, பணி நின்றது. பச்சௌரி குழு இத்திட்டம் பொருளியல் நோக்கிலும் சூழலியல் நோக்கிலும் ஏற்றதன்று எனக் கூறியது. 2023 சனவரியில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை இதனை நிறைவேற்றுமாறு தீர்மானம் இயற்றிற்று. திட்டம் நன்றா தீதா என்பது இலக்கிய ஆய்வாளர் தீர்க்கும் வழக்கன்று. சமயம், மீனவர் வாழ்வு, பவளப்பாறை, வாணிகம் எனப் பல அதனுள் உள. நாம் கேட்பது சொல்லைப் பற்றி. கப்பலே ஓடாத கால்வாயை மூழ்கிய கப்பல் என்பது எங்ஙனம்? கால்வாய்க்குரிய கேடு தூர்தல். தோண்டிய இடத்தில் மணல் மீண்டும் வந்து படிதல் இக்கடலின் இயல்பும் ஆகும். தூர்ந்தது என்பதில், மீண்டும் தூர்வாரலாம் என்னும் பொருளும், வாரவாரத் தூரும் என்னும் பொருளும் சேர்ந்தே நிற்கின்றன. திட்டத்தை விரும்புவோரும் வெறுப்போரும் ஒருங்கே ஏற்கக்கூடிய சொல் அஃதொன்றே போலும்.

தனுக்கோடிக்கோ இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வந்த இரயில் தனுக்கோடி வரை சென்றது. ஆங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அரை நூற்றாண்டு நன்கு நடந்த முயற்சி அது. 1964இல் ஒரே இரவில் நிலையமும் துறையும் குடியிருப்பும் போயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் கொண்டது. பின்னர்க் கப்பற் போக்குவரத்து இராமேசுவரத்திலிருந்து நடைபெற்றது. 1980களில் அதுவும் நின்றது. இங்கே அழிந்தது கலம் அன்று, கரை. கலம் ஒதுங்குதற்குரிய இடமே இல்லாமற் போதலை எந்த உருவகத்தால் கூறுவது? புகாரைக் கடல் கொண்டதைக் கூறும் மணிமேகலைக்கே நாம் திரும்பவேண்டியுள்ளது. முயற்சி நன்றாயிருந்தும், மீகாமன் தவறாதிருந்தும், நிற்கும் இடம் பெயர்ந்தமையால் வரும் கேடு ஒன்று உண்டு. ஆலையை நம்பிய ஊரில் ஆலை மூடப்பட்டபின் வீழும் சிறுகடைகளை நோக்குக. அக்கடைகளை மூழ்கும் கப்பல்கள் என்பது கொடுமை. அவற்றின் கரையைக் கடல் கொண்டது.

ஓர் எதிர்வாதம் எழலாம். உருவகம் என்பது விரைந்து உணர்த்தற்பொருட்டே. அதனிடம் காரணகாரிய விளக்கம் எதிர்பார்த்தல் கவிதையிடம் கணக்குக் கேட்பதாகும் என்பர். இதனை ஓரளவு உடன்படுகின்றோம். கலங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டு, இன்ன முயற்சிக்கு இன்ன கேடு என வரையறுப்பது நகைப்புக்கு இடமாகும். ஆயினும் கப்பலைப் பற்றித் தமிழர் விரைந்து பேசும்போதும் காரணத்தை விடாதிருந்தனர் என்பதற்குப் பழமொழியும் பாட்டும் சான்று. கப்பல் கட்டுதற்குரிய மரங்களின் இலக்கணத்தையும் குற்றத்தையும் கூறும் கப்பல் சாத்திரம் போன்ற நூல்களும் தமிழில் எழுந்தன. நீரில் இறக்குமுன்னரே மரத்தின் குற்றத்தைத் தேடிய மக்களின் மொழி, மூழ்கியபின் எலியைத் தேடுவது பொருந்துமாறு இல்லை.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் கூறும் படகின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இராமேசுவரத்திலிருந்து தனுக்கோடிக்கு வழிபடுவோரை ஏற்றிச் செல்ல அவர் தந்தையார் கடற்கரையில் ஒரு மரப்படகு கட்டினார். தொழில் நன்கு நடந்தது. புயல் ஒன்று படகைக் கொண்டுபோயிற்று. பின்னர் வேறொரு படகு வந்தது, தந்தையார் தொழிலைத் தொடர்ந்தார் எனக் கலாம் மிகச் சுருக்கமாகவே எழுதிச் செல்கின்றார். படகு போனதைப் படகு போனதாகவே கூறுகின்றார். அதனை யாதொன்றிற்கும் உருவகமாக்கவில்லை. கடற்கரையிற் பிறந்தவர்க்கு அது வேண்டுவதில்லை போலும்.

அவரே திட்ட இயக்குநராக இருந்து செய்த முதல் எஸ்.எல்.வி.–3 ஏவுகலம் 1979 ஆகத்து 10ஆம் நாள் ஏவப்பட்டு வங்கக் கடலில் வீழ்ந்தது. உருவகமாக அன்றி, உண்மையாகவே கடலில் மூழ்கிய முயற்சி அது. இதழ்கள் எள்ளின. செய்தியாளர் முன் அன்று வந்து அமர்ந்தவர் கலாம் அல்லர். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த சதீசு தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். குழுவின்மேல் தமக்கு நம்பிக்கை உண்டு என்றார். 1980 சூலை 18ஆம் நாள் இரண்டாம் கலம் வெற்றியுற்றபோது, செய்தியாளரிடம் பேசும்படி தவான் கலாமை அனுப்பினார், தாம் ஒதுங்கிக்கொண்டார்.